கயிற்றை எப்போது அவிழ்ப்பது?

யாங்கோனிலிருந்து தெற்கே, தான்லினைத் தாண்டிப் போனால் கியாக்தான். ஹ்மோவுன் ஓடையின் நடுவே நிற்கும் யேலே பயா என்ற பகோடாவைக் கும்பிட வருகிறவர்கள் படகில் போய், கெளுத்தி மீன்களுக்குத் தீனி போட்டுவிட்டுத் திரும்புவார்கள். எவ்வளவு தண்ணீர் ஏறினாலும் அந்தப் பயா மூழ்காது என்பது ஊர் நம்பிக்கை. ஓடைக்கரையில் தகரக் கூரையும் தொழுவமுமாக வாழும் குடும்பங்களுக்கு அப்படி ஓர் உத்தரவாதத்தை எந்தச் சாமியும் கொடுத்ததில்லை.

2008 மே 2 மாலை நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவில் கரையேறியது. அன்றிரவும் மறுநாள் காலையும் யாங்கோனைப் புரட்டிப் போட்டது. அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 84,537 பேர்; காணாமல் போனவர்கள் 53,836 பேர். லபுட்டா, போகலே வட்டாரங்களில் கடல் 12 அடி உயரத்துக்கு எழும்பி ஊருக்குள் வந்தது. அதுவரை மியான்மருக்கு வந்த வங்கக் கடல் புயல்களில் பெரும்பாலானவை ராக்கைன் பக்கமே போய்க்கொண்டிருந்ததால், எச்சரிக்கை வந்தபோதும் பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீச்சலில் எருமையை மிஞ்ச மற்ற மாடுகளால் முடியாது. அந்த எருமைகளே ஆயிரக்கணக்கில் மாண்டன. அடுத்த சில வாரங்களில் மழைக்கால நடவு தொடங்க வேண்டும். ஏர் இழுக்க மாடில்லை. உதவியாக வந்த பவர் டில்லர்களுக்கோ டீசலும் ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டியிருந்தது.

புயலின் வால் பிடித்து வரும் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2006 ஏப்ரல் கடைசியில் மாலா புயல் ராக்கைன் கரையில் ஏறியபோது, அங்கிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த யாங்கோனின் ஹ்லைங்தாயா தொழிற்பேட்டைப் பகுதியில் சூறைச்சுழல் என்று கருதப்படும் காற்று அடித்து 500-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சேதப்படுத்தியது. அமெரிக்கர்கள் டொர்னாடோ என்று சொல்லும் அதே சுழல்தான் சூறைச்சுழல். உலகிலேயே அதிக உயிர்களைக் குடித்த டொர்னாடோ அடித்த இடமும் அமெரிக்கா கிடையாது. வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டம். 1989 ஏப்ரல் 26 அன்று அங்கே ஏறக்குறைய 1,300 பேர் இறந்தனர்.

புயல் நாள் கணக்கில் அவகாசம் தரும். சூறைச்சுழல் நிமிடக் கணக்கில்கூடத் தராது. கால்நடை வைத்திருக்கும் வீடு இந்த இரண்டு கடிகாரங்களையும் தனித்தனியே பழகிக்கொள்ள வேண்டும்.

குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை. மட்டக்குதிரை வண்டிகளைப் பார்க்கப் பகானுக்கோ பின் ஊ லுவினுக்கோ போக வேண்டும். ரங்கூன் டர்ஃப் கிளப் கியாக்கசன் திடலில் நடத்திய குதிரைப் பந்தயங்கள் பெரியவர்களின் பேச்சில் மட்டும்தான் இன்னும் ஓடுகின்றன. கியாக்தான் பக்கத்துத் தொழுவங்களில் நிற்பவை பெரும்பாலும் உழவு மாடும் எருமையும். இருந்தாலும் குதிரையை விட்டுவிடாமல், கீழே வரும் முறைகள் மூன்றுக்கும் சேர்த்தே. குதிரைக்கு மாறுபடும் இடங்கள் அங்கங்கே சொல்லப்படும்.

மார்ச்சில் முடிக்க வேண்டியவை

மியான்மர் கரைக்குப் புயல் வரும் பருவங்கள் இரண்டு: ஏப்ரல், மே ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. முதல் பருவத்துக்கான வேலை மார்ச்சிலேயே தொடங்கிவிட வேண்டும்.

முதலில் தொழுவத்தைச் சுற்றி ஒரு நடை. பட்டுப்போன தென்னை, கூரைமேல் சாய்ந்திருக்கும் மாங்கிளை, துருப்பிடித்த ஆணியோடு ஆடும் தகரம், மூலையில் குவித்த மூங்கில் கழி: காற்றில் இவை எல்லாமே ஆயுதங்கள். கிளையை வெட்டுங்கள். தகரத்தைக் கம்பியால் சட்டத்தோடு முறுக்கிக் கட்டுங்கள். தனி ஓலைக் கூரையானால் மேலே பழைய மீன் வலையைப் போர்த்தி நான்கு மூலையிலும் முளையடித்து இறுக்கலாம்.

அடுத்தது, மாடுகளை எங்கே கொண்டுபோவது என்ற முடிவு. வீட்டைவிட இரண்டு மூன்று அடியாவது உயரமான திறந்த மேடு வேண்டும். மின்கம்பி, பெரிய மரம், முள்வேலி மூன்றும் அருகில் இருக்கக் கூடாது. வங்காளதேசத்தில் இதற்கென்றே ‘கில்லா’ என்ற மண்மேடுகளை எழுப்பியிருக்கிறார்கள். 1970-இல் போலா புயல் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன பிறகு வந்த ஏற்பாடு அது. நம் பக்கம் சாலைக்கரை, அணைக்கட்டுக் கரை, கோயில் அல்லது கியாங் (பௌத்த மடம்) வளாகத்து மேட்டுத்திடல் என்று எது கிடைக்கிறதோ, அதற்கு உரியவர்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. புயல் இரவில் போய் அனுமதி கேட்டால் கதவே திறக்காது. அந்த வழியில் மாடுகளை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அரை மணி என்று நினைத்த வழி இரண்டு மணி நேரம் பிடிப்பது அப்போதுதான் தெரியும்.

அடையாளம் பெரிய விஷயம். வெள்ளம் வடிந்தபின் மூன்று ஊர் மாடுகள் ஒரே திடலில் நின்றால், என்னுடையது உன்னுடையது என்ற சண்டை நிச்சயம். கொம்பில் தொலைபேசி எண்ணைப் பெயிண்டால் எழுதலாம். குதிரைக்கு விலாவில் எழுதலாம். பிடரி மயிரில் சிறு தகட்டைப் பின்னியும் விடலாம். இரண்டு பக்கமும் தெரிய, வீட்டு ஆள் பக்கத்தில் நிற்கும்படி படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

தடுப்பூசியையும் இதே மாதத்தில் முடித்துவிடுங்கள். மழை தொடங்கியதும் எருமைகளை அடிக்கும் தொண்டை அடைப்பான், வெள்ளத்துக்குப் பின் இன்னும் வேகமாகப் பரவும். குதிரைக்கு டெட்டனஸ் ஊசி தவறவே கூடாது. வீட்டு விலங்குகளில் அந்த நோய்க்கு மிக எளிதில் பலியாவது குதிரை. தகரம் பறந்து கிழித்த சிறு காயம் போதும்.

தண்ணீர்க் கணக்கைப் பலரும் தப்பாகப் போடுகிறார்கள். ஒரு எருமைக்கு நாளுக்கு ஏறக்குறைய 50 லிட்டர் என்று வையுங்கள். ஒரு ஜோடிக்கு மூன்று நாள் என்றால் 300 லிட்டர், அதாவது 200 லிட்டர் பீப்பாய் ஒன்றரை. குதிரைக்கு 30 முதல் 40 லிட்டர். குளம் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. நர்கிஸில் கடல்நீர் புகுந்த குளங்களை இறைத்து வெளியேற்றி, மழைக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு

நர்கிஸுக்குப் பின் மியான்மர் வானிலை, நீரியல் துறை புயல் எச்சரிக்கையை நிறங்களாகச் சொல்கிறது. மஞ்சள் என்றால் கடலில் புயல் உருவாகியிருக்கிறது, மியான்மரை நோக்கி வரவில்லை. ஆரஞ்சு என்றால் இந்தக் கரை நோக்கித் திரும்பிவிட்டது. சிவப்பு, 12 மணி நேரத்துக்குள் வந்துவிடும். பழுப்பு, இப்போது கரையைக் கடக்கிறது. பச்சை வந்தால் ஆபத்து நீங்கியது.

மஞ்சளில் பீப்பாய்களை நிரப்பி மூடிக் கட்டுங்கள். மூன்று நாள் வைக்கோலைத் தார்ப்பாயில் சுருட்டிப் பரணில் ஏற்றுங்கள். வீட்டுப் பட்டியல், அடையாள அட்டை, நிலப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் இரட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் போகட்டும். அவல், பொட்டுக்கடலை, சர்க்கரை, குடிதண்ணீர், டார்ச், மாத்திரைகள், கைக்குழந்தைக்கான பொருள்கள் ஒரே மூட்டையில் இருக்க வேண்டும். கைபேசியையும் பவர் பேங்கையும் முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள். பேட்டரி ரேடியோ பழைய காலத்துப் பொருள் என்று தூக்கிப்போட்டிருந்தால் மறுபடி ஒன்று வாங்குங்கள். செல்பேசிக் கோபுரம் சாய்ந்தால் கைபேசி வெறும் டார்ச்தான்.

மாடுகளை நகர்த்த வேண்டிய நேரம் ஆரஞ்சு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். சிவப்பு வந்தபின் மாட்டை ஓட்டப் போகிறவர் திரும்பி வருவாரா என்று வீட்டில் உள்ளவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். பகல் வெளிச்சத்தில், காற்று எழுமுன், இரண்டு பேராகப் போங்கள். காற்றில் சம்பான் படகில் மாடு ஏற்றவே கூடாது. ஒரு மாடு மிரண்டு நகர்ந்தாலும் படகு கவிழும்.

மேட்டில் கொண்டுபோய் விட்டபின் கட்டலாமா, அவிழ்க்கலாமா? கால்நடைக்காரர்களிடையே ஓயாத வாக்குவாதம் இது. அவிழ்த்தால் ஓடிவிடும், திருடு போகும் என்ற பயம் நியாயமானதுதான். இருந்தும், கடல்நீர் ஏறக்கூடிய இடத்தில் கட்டிய மாடு நின்ற இடத்திலேயே மூழ்கும். அவிழ்த்த மாட்டுக்குத் தப்ப வழி உண்டு. தண்ணீர் வரும் இடமென்றால் அவிழ்த்துவிடுவதே சரி. மூக்கணாங்கயிறு தரையில் இழுபட்டுக் கிளையில் மாட்டாதபடி கொம்பில் சுற்றிச் செருகுங்கள். குதிரையின் தலைக்கயிறு நைலானாக இருந்தால் கழற்றிவிடுங்கள். எதிலாவது சிக்கினால் நைலான் அறாது, கழுத்துதான் முறியும். தோல் வார் என்றால் சுண்டினால் அறுந்துவிடும்.

தண்ணீர் பயமில்லை, காற்று மட்டும்தான் என்றால்? உறுதியான செங்கல், கான்கிரீட் கட்டடம் இருந்தால் உள்ளே நிறுத்தலாம். மூங்கில் தூணும் தகரக் கூரையும் என்றால் திறந்தவெளியே மேல். விட்டபின் தொழுவக் கதவை வெளியிலிருந்து சாத்துங்கள். மிரண்ட குதிரை தனக்குப் பழகிய லாயத்துக்கே திரும்பி ஓடும்.

சிவப்பு வந்துவிட்டால் விலங்குகளின் கணக்கு முடிந்தது. அதன்பின் மனிதர்கள் மட்டும். முதியவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள் முதலில். பள்ளிக்கூடம், கியாங், கோயில் மண்டபம் என்று செங்கல் கட்டடமாகவும் மேட்டிலும் இருப்பதற்குப் போக வேண்டும். நடுவில் காற்று சட்டென்று நின்று வானம்கூடத் தெளியலாம். அது புயலின் கண். அந்த அமைதியில்தான் ‘மாட்டை ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று கிளம்புவார்கள். சற்று நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் வரும். பழுப்பு பச்சையாகும்வரை வாசலைத் தாண்டக் கூடாது.

தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் உறவுள்ள பர்மா தமிழர்களுக்குக் கஜா நினைவிருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய அந்தப் புயலில் கோடியக்கரைக் காட்டின் மான்களும், அங்கே தலைமுறை தலைமுறையாகத் திரியும் மட்டக்குதிரைகளும் செத்தன. அவிழ்த்தே கிடந்த விலங்குகள்தான். ஏறி நிற்க மேடு இல்லாத இடத்தில் சுதந்திரம் மட்டும் காப்பாற்றாது.

சூறைச்சுழல் வந்தால்

ஏப்ரல், மே மாதப் பிற்பகல். மேற்கே கருமேகம், ஆலங்கட்டி, பிறகு ரயில் ஓடுவதுபோல நிற்காத இரைச்சல். அவ்வளவுதான் முன்னறிவிப்பு. இதில் ஆரஞ்சும் கிடையாது, சிவப்பும் கிடையாது.

தொழுவம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கதவைத் திறந்துவிட்டு வீட்டுக்குள் ஓடுங்கள். இழுத்துக்கொண்டு போக நினைக்காதீர்கள். 2013 மே 20 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து மூர் நகரில் பந்தயக் குதிரைப் பண்ணை ஒன்றைச் சுழல் தாக்கியது. பணியாள் ஒருவர் சில குதிரைகளை அவிழ்த்துவிட முடிந்தது. இருந்தும் அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 100 குதிரைகள் இறந்தன. அவ்வளவு எச்சரிக்கை வசதி உள்ள நாட்டிலேயே நிலைமை அது.

வீட்டில், தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத நடு அறை அல்லது குளியலறைதான் இடம். குனிந்து உட்கார்ந்து, தலையை மெத்தை, தலையணை, ஹெல்மெட் எதனாலாவது மூடுங்கள். பெரிய மண்டபத்துக்கு ஓட வேண்டாம். புயலுக்கு உதவும் அகலக் கூரை சுழலில் முதலில் பிய்வது. மூங்கில் வீட்டுக்காரர்கள் பக்கத்துக் கல்வீட்டுக்குள் புகுந்துகொள்ள வேண்டும். அதற்கும் நேரமில்லை என்றால், மரத்தையும் வண்டியையும் விட்டு விலகி, பள்ளத்தில் குப்புறப் படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள்.

காற்று நின்ற பிறகு

முதலில் அறுந்த மின்கம்பிகள். மாட்டைத் தேடி ஓடும் அவசரத்தில் தேங்கிய நீரில் கால் வைப்பவர்கள் உண்டு. அடுத்து பாம்பு. டெல்டாவில் கண்ணாடி விரியன் அதிகம். வெள்ளம் அதையும் மேட்டுக்குத்தான் துரத்தும். கையில் கம்போடு, காலில் பூட்ஸோடு போங்கள்.

கிடைத்த விலங்குக்கு முதலில் நல்ல தண்ணீர். பிறகு கொஞ்சமாகத் தீனி. நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் குதிரைக்குப் போடவே கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்குள் போன கெட்டது அங்கேயே தங்கி உயிரை வாங்கும். காயங்களைச் சுத்தமான உப்புத் தண்ணீரில் கழுவி, கால்நடை மருத்துவர் வரும்வரை ஈ மொய்க்காமல் துணியால் மூடுங்கள்.

செத்த விலங்கை ஓடையில் தள்ளுவதுதான் பலரும் செய்யும் எளிய வேலை. கீழ்க்கரை ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளி, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். வெள்ளநீரில் நின்று வேலை செய்தவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். தண்ணீரில் நின்றதை அவர் கேட்காமலேயே சொல்ல வேண்டும்.

ஏப்ரல் பிறக்குமுன் இரண்டு வேலைகளையாவது முடித்துவிடுங்கள்: மாட்டுக்கும் குதிரைக்கும் ஊசி, மேட்டுத்திடல்வரை ஒரு நடை. அந்த நடைக்குப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பெரியவர்கள் ஊரில் இல்லாத நாளில் கயிற்றை அவிழ்க்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.