"அம்மா, இதுதானே வீடு!"



முதல் வெள்ளிக்கிழமையொன்றில், நோயாளருக்கு நற்கருணை கொண்டுசென்ற இடத்தில், நான் செய்த பிழையொன்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நெடுந்தீவில் தனித்திருந்த தாயை மகள் யாழ்ப்பாண நகரிலுள்ள தன் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்து, "சுவாமி, அவர் கடலாலை வாற நேரம். என்னை வீட்டை கொண்டுபோய் விடுங்கோ" என்று கெஞ்சினார். உண்மையைச் சொல்வதே முறை என்றெண்ணி, கணவர் இறந்து பன்னிரண்டு வருடங்களாகிவிட்டதை நினைவூட்டினேன். அச்செய்தியை அன்றுதான் முதன்முறை கேட்பவர்போல் அவர் தலையிலடித்து அழுதார். அரை மணி நேரத்தின் பின், அழுததையும் மறந்து, மீண்டும் "அவர் வாற நேரம்" என்றார். துக்கத்தை இன்னொருமுறை கொடுத்ததன்றி நான் சாதித்தது எதுவுமில்லை.

மறதி நோயில் நடப்பது என்ன? 1906ஆம் ஆண்டு ஜெர்மானிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்த நோயே இவற்றுள் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. புதிய நினைவுகளைப் பதியும் மூளைப்பகுதி இதில் முதலிலேயே பழுதடைகிறது. பங்கின் பழைய பதிவேட்டைப் பின்னட்டையிலிருந்து கறையான் அரித்தால் எப்படியோ, அப்படி. கடைசியாக எழுதியவை முதலில் போகும். முன்பக்கங்கள் நெடுநாள் நிற்கும். ஆகவேதான் காலையில் சாப்பிட்டதை அறியாத தாய், சிறுவயதில் பாடமாக்கிய செபமாலைக் காரணிக்கங்களைத் தவறாமல் சொல்கிறார். "இப்பதானே சொன்னனான்" என்று நாம் சினப்பதில் பயனில்லை. அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. நாம் சொன்னது அவரிடம் பதியவே இல்லை.

"அப்படியானால் பெற்ற தாய்க்குப் பொய் சொல்வதா, பாதர்?" என்று அந்த மகள் கேட்டார். நல்ல மனச்சாட்சியின் கேள்வி. பொய் எவ்வகையிலும் பாவமே என்று கண்டிப்பாகப் போதித்தவர் புனித அகுஸ்தீனார். உண்மையைப் பேசாது மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்று பிரித்துக் காட்டியவரும் அவரே. "அப்பா வந்துகொண்டிருக்கிறார்" என்று சொல்லத் தேவையில்லை. "அப்பா செத்துப்போனார்" என்று மாலைதோறும் அறிவிக்கவும் தேவையில்லை. "அப்பாவை நினைச்சுக்கொண்டு இருக்கிறியளோ, அம்மா? அவருக்கு என்ன கறி விருப்பம்?" என்று கேளுங்கள். வீடு கேட்டு அழுபவரிடம், "இதுதானே வீடு" என்று வாதாடாமல், அந்த வீட்டைப் பற்றியே கேளுங்கள். அடுத்தமுறை நான் கேட்டபோது நெடுந்தீவின் கல்வேலிகளும் வளவுப் பனைகளும் கிணற்றடியும் ஒவ்வொன்றாக வந்தன. பேசப் பேச அந்த அம்மாவின் கை நடுக்கம் நின்றது. இது எல்லா நாளும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன்.

பொழுதுபடும் நேரத்தில் இந்தத் தவிப்பு பலருக்குக் கூடும். அந்நேரத்துக்கு முன்பே விளக்கேற்றி, வானொலியின் சத்தத்தைக் குறைத்து, கீரை ஆய்வதுபோன்ற கைவேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். படலையைப் பூட்டுவதும், கிணற்றுக்கு மூடி போடுவதும், காஸ் அடுப்பைக் கவனிப்பதும் அவசியம். வைத்தியரைக் கேளாமல் நித்திரைக் குளிசை கொடுக்கவே வேண்டாம்; விழுந்து எலும்பு முறியவும் குழப்பம் கூடவும் அது வழியாகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்நோய் பெரும்பாலும் மெல்ல மெல்லவே வளரும். ஓரிரு நாளில் திடீரென ஆள் மாறிப்போனால், "நோய் முற்றிவிட்டது" என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய குளிசை ஆகியவற்றுள் ஏதேனும் காரணமாயிருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

தந்தையின் அறிவு தளர்ந்தாலும் பொறுமையாயிருக்கும்படி சீராக் ஆகமத்தின் 3ஆம் அதிகாரம் பிள்ளைகளைக் கேட்கிறது. அது வீட்டிலிருக்கும் ஒரு மகளுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரர்களே, பணம் அனுப்புகிறீர்கள், நல்லது. தொலைபேசியில் ஐந்து நிமிடம் தெளிவாகப் பேசிய தாயைக் கேட்டுவிட்டு, "அம்மாவுக்கு ஒன்றுமில்லை, நீதான் பெரிதுபடுத்துகிறாய்" என்று மட்டும் சொல்லாதீர்கள். லீவில் வரும்போது ஒரு கிழமை இரவுக் காவலை நீங்கள் எடுங்கள். அந்த மகள் ஞாயிறு பூசைக்கு வந்து ஐந்து மாதமாகிறது. அது பாவமோ என்று என்னிடம் கேட்டார். இல்லையென்றேன். அயலவரில் ஒருவர் இரண்டு மணி நேரம் போய் அந்தத் தாயின் அருகில் இருந்தால் அவர் வரலாம். இருப்பவர் தம் பெயரை ஐந்தாறு தடவை சொல்ல வேண்டிவரும்.