பழைய விண்டோஸுக்கு எழுத வருகிறவர்களுக்கு

எக்ஸ்பியும் விண்டோஸ் 7-ம் ஓடும் இயந்திரங்கள் ஆலைகளிலும் ஆய்வகங்களிலும் இன்னும் இருக்கின்றன. புது நிரலை அங்கே ஏற்றினால், அடிக்கடி தகராறு செய்பவை கோப்புப் பாதை ஃபங்ஷன்கள்தாம்.

1. எது எப்போது வந்தது என்று முதலில் பாருங்கள். கெட்ஃபைனல்பாத்நேம்பைஹேண்டில் விஸ்டாவில் வந்தது, எக்ஸ்பியில் கிடையாது. பாத்சிசிஎச் என்று தொடங்குபவை விண்டோஸ் 8-க்கு உரியவை. பைத்தான் 3.9 விண்டோஸ் 7-இல் ஓடாததற்கு அவையும் ஒரு காரணம்.

2. இல்லாத ஃபங்ஷனின் பெயர் இறக்குமதிப் பட்டியலில் இருந்தால், உங்கள் நிரலில் ஒரு வரிகூட ஓடாது, லோடரே நிறுத்திவிடும். கெட்ப்ராக்அட்ரஸ் மூலம் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அசல், கிடைக்காவிட்டால் நீங்கள் எழுதிய மாற்று.

3. எக்ஸ்பியில் கெட்ஃபைனல்பாத்நேம்பைஹேண்டிலுக்கு மாற்றாக, ஹேண்டிலிலிருந்து பாதையை எடுக்க, கோப்பை நினைவகத்தில் மேப் செய்து கெட்மேப்டுஃபைல்நேமை அழைப்பது பழகிய வழி. அதில் பள்ளங்கள் உண்டு. காலிக் கோப்பை மேப் செய்ய முடியாது, ஃபோல்டரையும் முடியாது. கிடைக்கும் விடையிலும் டிரைவ் எழுத்து இருக்காது, ‘\டிவைஸ்\ஹார்ட்டிஸ்க்வால்யூம்1’ என்ற பாணியில் வரும். க்வெரிடாஸ்டிவைஸ் கொண்டு எந்த டிரைவ் என்று பொருத்த வேண்டும். பொருத்தும்போது பெயர் முடிந்த இடத்தில் பின்சாய்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்காவிட்டால் வால்யூம்10-இல் இருக்கும் கோப்பை வால்யூம்1-இல் சேர்த்துவிடுவீர்கள். ஒரே டிரைவ் உள்ள உங்கள் மேசைக் கணினியில் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது! என்டிக்வெரிஆப்ஜெக்ட் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். சில பைப் ஹேண்டில்களில் அது திரும்பி வராமல் தொங்கிவிடும்.

4. திருப்பித் தரும் எண்ணையும் அப்படியே தர வேண்டும். கெட்ஃபைனல்பாத்நேம்பைஹேண்டில் வெற்றி பெற்றால் முடிவுக் குறியைச் சேர்க்காத நீளத்தைத் தரும். பஃபர் போதாவிட்டால் அதையும் சேர்த்துத் தேவையான அளவைச் சொல்லும். இந்த ஒன்று பிசகினால் அழைப்பவர் நிரல் உடையும்.

5. பாத்சிசிஎச் ஃபங்ஷன்களுக்கு மாற்றாகப் பழைய பாத்கம்பைனுக்குப் புதுப் பெயர் சூட்டி ஒப்பேற்றாதீர்கள். அது பஃபரின் அளவைக் கேட்பதே இல்லை, 260 எழுத்துக்கு இடமிருக்கும் என்று நம்பி எழுதுகிறது. அந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் புதியவை அளவைக் கேட்கின்றன.

6. ஒரே சோதனைத் தொகுப்பைப் புது விண்டோஸில் அசலுக்கும் உங்களுடையதற்கும் கொடுத்து ஓட்டுங்கள். பின்சாய்கோடு இல்லாத ‘சி:கணக்கு’, நெட்வொர்க் பாதை, காலிச் சரம் எல்லாம் அதில் இருக்கட்டும். விடை வேறுபட்டால், அசலின் விடை எவ்வளவு அபத்தமாகத் தெரிந்தாலும், திருத்த வேண்டியது உங்களுடையதைத்தான்.