பசுங்கணிகத்துக்குள் புரதம் நுழைகிறதா? சோதித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

பசுங்கணிகத்துக்குச் சொந்த டி.என்.ஏ. உண்டு. ஆனால் உயர் தாவரங்களில் அது சுமார் 80 புரதங்களுக்குத்தான் போதும், தேவையோ ஆயிரக்கணக்கில். மற்றவை சைட்டோபிளாசத்தில் உருவாகி, டாக், டிக் என்ற புரதத் தொகுதிகளின் வழியே உறையின் இரு சவ்வுகளைக் கடக்கின்றன. புரதம் உருவாகி முடிந்த பிறகும் உள்ளே போக முடியும் என்பது 1978-லேயே சோதனைக்குழாயில் தெரிந்துவிட்டது. அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம்.

படி 1: நாற்று

பட்டாணி நாற்று போதும். 8 முதல் 12 நாள் வயது. இலை மென்மையானது, எளிதில் அரைபடும். விடிந்ததும் பறியுங்கள். பகலில் சேரும் மாவுமணிகள் மையவிலக்கியில் சுழலும்போது உறையைக் கிழித்துவிடும்.

படி 2: பிரித்தெடுத்தல்

பனிக்கட்டிக் குளிரில், சார்பிட்டால் கலந்த தாங்கல் கரைசலில் சில நொடிகள் மட்டும் அரைத்து, வடிகட்டுங்கள். வடிநீரை 40, 80 சதவீதப் பெர்கால் (அடர்த்திவாரியாகப் பிரிக்கும் கரைசல்) அடுக்குகளின்மேல் ஊற்றிச் சுழற்றினால் இரண்டு பச்சைப் பட்டைகள் தெரியும். மேலே இருப்பது உடைந்தவை. கீழ்ப்பட்டைதான் நமக்கு வேண்டியது.

படி 3: புரதம்

முதல் முயற்சிக்கு, ஒளிச்சேர்க்கை நொதியான ருபிஸ்கோவின் சிறு துணையலகே நல்லது. கோதுமை முளைச் சாற்றில், கதிரியக்கக் கந்தகம்-35 ஏற்றிய மெத்தியோனின் சேர்த்து அதன் முன்னோடிப் புரதத்தைத் தயாரியுங்கள். கதிரியக்கப் பயிற்சி பெற்றவர் உடனிருப்பது கட்டாயம்.

படி 4: நுழையவிடுதல்

பசுங்கணிகம், முன்னோடிப் புரதம், ஏ.டி.பி. மூன்றையும் கலந்து 25 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள்.

படி 5: வெளியே ஒட்டியதை நீக்குதல்

தெர்மோலைசின் நொதி வெளிச்சவ்வைத் தாண்டாது. வெளியில் ஒட்டியதை மட்டும் செரித்துவிடும்.

படி 6: ஜெல்லைப் படித்தல்

புரதங்களை ஜெல்லில் ஓட்டி அளவுவாரியாகப் பிரித்து, கதிரியக்கப் பட்டைகளைப் பாருங்கள். முன்னோடிப் புரதம் சுமார் 20 கிலோடால்டன். உள்ளே போனதும் அதன் முனையிலுள்ள வழிகாட்டித் துண்டு வெட்டப்பட்டு, சுமார் 14 ஆகக் குறையும். அளவு குறைந்ததா, நொதிக்குத் தப்பியதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால்தான் புரதம் உள்ளே போனது உறுதி.

விடக்கூடாத ஒப்பீடுகள்

ஒரு குழாயைப் பனிக்கட்டியில் வையுங்கள்: அதில் சிறிய பட்டை வரக்கூடாது. இன்னொன்றில் நொதியோடு சவ்வைக் கரைக்கும் டிரைட்டானும் சேருங்கள்: எல்லாப் பட்டையும் மறைய வேண்டும். மறையாவிட்டால், புரதத்தைக் காத்தது சவ்வுதான் என்று சொல்ல முடியாது; உங்கள் நொதி வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.