கடற்பயணத்தில் கைக்குழந்தையின் பொருள்கள்: கொண்டுசெல்வனவும் விட்டுச்செல்வனவும்

சுற்றுலாக் கப்பலில் பயணம் செய்வது நம் குடும்பங்களுக்கு இன்று அரிய செய்தியன்று. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் இத்தகைய கப்பல் புறப்பட்டது. சிங்கப்பூர் வரை விமானத்தில் சென்று அங்கே கப்பலேறுவோரும் உளர். கைக்குழந்தையுடன் செல்லவிருக்கும் பெற்றோர் பலர் தள்ளுவண்டி, தொட்டில், கார் இருக்கை, பால் புட்டிகளைச் சூடாக்கும் கருவி என அனைத்தையும் எடுத்துச் செல்லலாமா என்று கேட்பதுண்டு. அதனினும் முதன்மையான வினா ஒன்று உண்டு. குழந்தை பாதுகாப்பாக உறங்கவும், தூய்மையான பால் அருந்தவும், ஆபத்து நேர்ந்தால் விரைந்து வெளியேறவும் எவை தேவை? இம்மூன்றுக்கும் உதவாத பெரிய பொருள் வீட்டிலேயே இருக்கலாம் என்பதே எங்கள் அறிவுரை.

முதலில் வயதும் உடல்நிலையும்

பயணச்சீட்டு வாங்குமுன் குழந்தையின் வயதைக் கப்பல் நிறுவனத்தின் விதியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் பல, பெரும்பாலான பயணங்களுக்கு 6 மாதம் நிறைந்த குழந்தைகளையே ஏற்கின்றன. தொடர்ந்து பல நாள் கரை தொடாமல் செல்லும் பயணங்களுக்கு 12 மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்பர். இதற்குத் தக்க காரணம் உண்டு. கப்பலில் மருத்துவரும் சிகிச்சை அறையும் இருந்தாலும், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இராது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதய நோயோ மூச்சுக்கோளாறோ உள்ள குழந்தை ஆகியோரின் பெற்றோர் முன்பதிவு செய்யுமுன்னரே தம் மருத்துவரிடம் கலந்து பேசுதல் வேண்டும்.

தள்ளுவண்டியும் அறைவாசலும்

கப்பலின் அறைகள் சிறியவை, வாசல்கள் குறுகியவை. பல கப்பல்களில் சாதாரண அறையின் வாசல் ஏறத்தாழ 58 செ.மீ. அகலமே கொண்டது. இரு குழந்தைகள் அருகருகே அமரும் தள்ளுவண்டிகளுள் பல 75 செ.மீ. அளவு அகலமானவை, அவை விரித்த நிலையில் உள்ளே நுழையா. எனவே வீட்டிலேயே அளவுநாடா கொண்டு வண்டியின் அகலத்தையும், மடித்தபின் அதன் நீளத்தையும் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் மடிக்கக்கூடியதும், கட்டிலின் அடியிலோ அலமாரியிலோ அடங்கக்கூடியதுமான சிறு வண்டியே ஏற்றது.

வண்டி அறைக்குள் அடங்காவிட்டால் வெளியே நடைவழியில் நிறுத்திவிடலாம் என்று எண்ணலாகாது. தீப்பிடித்தாலோ மின்சாரம் நின்றாலோ, புகையிலும் இருளிலும் பயணியர் அனைவரும் அக்குறுகிய வழியாகவே வெளியேற வேண்டும். அங்கு நிற்கும் ஒரு வண்டி பலரைத் தடுக்கிவிழச் செய்யும். ஆகவேதான் கப்பல் ஊழியர் நடைவழியில் எதையும் வைக்க விடுவதில்லை. கடல் கொந்தளிக்கும் வேளையில் வண்டியை மடித்துத் தரையில் படுக்க வைத்துவிடுவது நன்று.

உறங்குமிடம்

மடக்குத் தொட்டிலைப் பெரும்பாலான நிறுவனங்கள் கேட்போருக்குக் கட்டணமின்றியே அறையில் அமைத்துத் தருகின்றன. ஆயின் அவற்றின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. முன்பதிவின்போதே கேட்டுப் பெறுங்கள். தொட்டில் வந்ததும் மூன்றைக் கவனியுங்கள். அதன் பக்கங்கள் உறுதியாகப் பூட்டியிருத்தல் வேண்டும். அதற்குரிய மெத்தை மட்டுமே இருத்தல் வேண்டும்; தலையணை, தடித்த போர்வை, கூடுதல் மெத்தை எதுவும் கூடாது. தொட்டிலை வைத்தபின்னும் நள்ளிரவில் விளக்கின்றி நீங்கள் வாசலை அடைய வழி இருத்தல் வேண்டும். குழந்தையை மல்லாந்த நிலையில் படுக்க வையுங்கள்.

இடமில்லை என்பதற்காகக் கார் இருக்கையைத் தொட்டிலாக்குதல் தவறு. கைக்குழந்தையின் தலை அதன் உடலை நோக்கப் பெரியது. கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. சாய்ந்த இருக்கையில் உறங்கும்போது மோவாய் மார்பின்மேல் படிந்து மூச்சுக்குழல் மடங்கக்கூடும். அழக்கூட இயலாமல் மூச்சு அடைபடும் என்பதால் அருகில் இருப்போரும் அறியமாட்டார். துறைமுகம் வரை காரில் செல்வதற்குக் கார் இருக்கை இன்றியமையாதது. கப்பலுக்குள் அதற்கு வேலையில்லை. பயணத்தின்போது குழந்தை அதில் உறங்கிவிட்டால், அறையை அடைந்ததும் தட்டையான தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

நம் வீடுகளில் சேலைத் தூளி பழக்கமானது. அதைக் கப்பலறையில் கட்ட முயலாதீர்கள். கூரையில் தென்படும் சிறு குழாய்முனைகள் தீயணைப்பு நீர்த்தூவிகள்; அவற்றில் எதைத் தொங்கவிட்டாலும் அவை உடைந்து அறையில் நீர் கொட்டக்கூடும். குழந்தையின் எடையைத் தாங்கும் கொக்கிகள் அவ்வறைகளில் இல்லை.

பாலும் வெந்நீரும்

தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்குத் தனிப் பெட்டி தேவையில்லை. பயணத்திற்காகத் தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டா. பால்மாவு கொடுப்போர் ஒன்றை முன்னரே அறிதல் வேண்டும். தீ அச்சத்தால், சூடேறும் கம்பியுள்ள கருவிகளைப் பயணியர் கொண்டுவரப் பல நிறுவனங்கள் தடை விதித்துள்ளன. மின்கெட்டில், புட்டி சூடாக்கும் கருவி, மின்சாரத்தால் கிருமி நீக்கும் கலம் ஆகியவை பெட்டிச் சோதனையின்போதே எடுத்து வைக்கப்படலாம். அவற்றை நம்பிச் செல்வோர் முதல் இரவே இடர்ப்படுவர்.

பால்மாவு கிருமியற்ற பொருளன்று. ஆகவே 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் அதைக் கரைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நீரைக் கொதிக்க வைத்து அரை மணி நேரத்திற்குள் பயன்படுத்தினால் இவ்வெப்பம் கிடைக்கும். எனவே அறைப் பணியாளரிடமோ உணவுக்கூடத்திலோ புதிதாகக் கொதித்த நீரைச் சுத்தமான ஃபிளாஸ்கில் கேட்டு வாங்குங்கள். கரைத்த பாலை விரைந்து ஆறவைத்து, மணிக்கட்டில் துளி விட்டுச் சூடு பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்திற்குமேல் வெளியில் இருந்த பாலைக் கொட்டிவிடுங்கள். அறையிலுள்ள சிறு குளிர்பெட்டி பெரும்பாலும் பானங்களைக் குளிர்விக்கவே போதுமானது. கலந்த பாலையும் மருந்தையும் அதை நம்பி வைக்க வேண்டா. குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்துக்குக் கப்பலின் மருத்துவப் பிரிவை முன்னரே அணுகுங்கள். புட்டிகளைச் சோப்பு நீரால் கழுவியபின், தண்ணீரில் கரைக்கும் கிருமிநீக்கி மாத்திரையைப் பயன்படுத்தலாம்.

மருத்துவக் கருவிகள்

நெபுலைசர், ஆக்சிஜன் செறிவூட்டி, குழாய்வழி உணவூட்டும் பம்பு ஆகியவை எவ்வளவு பெரியனவாயினும் விட்டுச்செல்லத் தக்கவை அல்ல. இவற்றுக்கு நிறுவனத்தின் அனுமதியை எழுத்து வடிவில் பெற்று, மருத்துவர் கடிதத்துடன் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுக் கருவிகள் 230 வோல்ட்டில் இயங்குவன. கப்பலறையில் 110 வோல்ட் துளைகளும் இருக்கும். கருவியின் அடியில் எழுதியுள்ள அளவைப் பார்த்தே இணைத்தல் வேண்டும். ஜங்ஷன் பாக்ஸ் பல கப்பல்களில் தடை செய்யப்பட்டுள்ளது. தேவையாயின் கப்பலிலேயே கேளுங்கள்.

அபாய ஒலி கேட்டால்

2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்னும் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் உயிரிழந்தனர். அன்று மாலை ஏறிய பயணியர் பலருக்கு அவசரகாலப் பயிற்சி இன்னும் அளிக்கப்படவில்லை. அதன்பின் விதி திருத்தப்பெற்றது. ஒரு நாளுக்குமேல் நீளும் பயணங்களில், கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தல் வேண்டும் என்பது 2015 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. குழந்தை உறங்குகிறது என்று கூறி இதைத் தவிர்க்காதீர்கள்.

ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது அபாய அறிவிப்பாகும். அப்போது லிஃப்ட்டைப் பயன்படுத்துதல் கூடாது. படிகளில் தள்ளுவண்டி செல்லாது. குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டு, வண்டியையும் பெட்டிகளையும் விட்டுவிட்டுச் செல்லுங்கள். குழந்தையை மார்போடு சுமக்கும் பட்டை ஒன்று இருந்தால் படியேறுகையில் கை ஒன்று கைப்பிடிக்குக் கிடைக்கும். எந்தப் பெரிய பொருளினும் பயன்மிக்கது அதுவே.

15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கெனத் தனி உயிர்காப்பு அங்கி உண்டு. ஒரு நாளோ அதற்கு மேலோ நீளும் கடற்பயணத்தில், கப்பலிலுள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒன்று இருத்தல் வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ஏறிய அன்றே அதைக் கேட்டு, உங்கள் குழந்தைக்குப் பொருந்துகிறதா என்று ஊழியர் முன்னிலையில் அணிவித்துப் பாருங்கள். பெரியவரின் அங்கிக்குள் குழந்தையைச் சேர்த்துக் கட்டுதல் கூடாது.

கையோடு இருக்க வேண்டியவை

துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் அறைக்கு வந்துசேர மாலையோ இரவோ ஆகலாம். ஆகவே ஒரு நாளுக்குரிய பால்மாவு, புட்டிகள், டயப்பர், மாற்றுடை, வெப்பமானி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், வழக்கமான மருந்துகள், மருத்துவச் சீட்டு, தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். வலிப்பு, ஆஸ்துமா போன்றவற்றுக்கு மருந்து உட்கொள்ளும் குழந்தையாயின் பயணம் முழுமைக்குமான மருந்தும் கையிலேயே இருத்தல் வேண்டும். நெபுலைசரையும் ஒப்படைக்கும் பெட்டியில் இடாதீர்கள்.

முன்பதிவின்போது கேட்க வேண்டியவை

1. குறைந்தபட்ச வயது என்ன?
2. எங்கள் அறைவாசலின் அகலம் என்ன? குளியலறையில் தொட்டி உண்டா, தூவி மட்டுமா?
3. தொட்டிலும் உணவு மேசைக்கான உயர நாற்காலியும் கிடைக்குமா?
4. கொதித்த நீர் இரவிலும் கிடைக்குமா?
5. எங்கள் குழந்தையின் எடைக்கேற்ற உயிர்காப்பு அங்கி எங்கே வழங்கப்படும்?
6. இடையிலுள்ள ஊர்களில் கப்பல் கரையைத் தொடுமா, சிறு படகில் இறங்க வேண்டுமா?

இறுதி வினாவுக்குச் சிறு படகு என்பது விடையாயின், மடியாத வண்டியைக் கொண்டுசெல்லாதீர்கள். படகுக்கும் கப்பலுக்கும் இடையே கால் வைக்கும்போது குழந்தை உங்களிடமும் வண்டி மற்றொருவரிடமும் இருத்தல் வேண்டும்.

இவ்விடைகளை எழுதிக்கொண்டு, பயணத்திற்கு முந்தைய மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது உடன் கொண்டுவாருங்கள். உங்கள் குழந்தைக்கு எவை தேவை, எவை வேண்டா என்பதை மருத்துவரும் செவிலியரும் உங்களோடு அமர்ந்து வகுத்துத் தருவர்.