இணையக் கடைக்கு ஒரு வரைபடம்

மாணவர்களே! என்னிடம் இயற்பியல் பயின்ற இளைஞர் ஒருவர், பள்ளி ஆய்வுக்கூடக் கருவிகளை விற்கும் இணையக் கடை ஒன்றைத் தொடங்கினார். ஆடிகள், வில்லைகள், ஊசல் குண்டுகள், மின்தடைப் பெட்டிகள் என்று 2,400 பொருள்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். சில வாரங்கள் கழித்து அவர் என்னிடம் வந்தார். "சார், 15 செ.மீ. குவியத் தொலைவுள்ள குழியாடி என் கடையில் இருக்கிறது. பெயரைச் சரியாகக் கொடுத்துத் தேடினாலும் அந்தப் பக்கம் கூகுளில் வருவதில்லை. கடையின் முகப்புப் பக்கம் மட்டுமே வருகிறது" என்றார்.

பக்கம் இருக்கிறது. ஆனால் அது இருப்பது தேடுபொறிக்குத் தெரியவில்லை. ஏன்? இதற்கு விடை காண, தேடுபொறி பக்கங்களை எவ்வாறு அறிகிறது என்று முதலில் பார்ப்போம்.

இணைப்பு வழியே பயணம்

நாம் ஒரு சொல்லைத் தேடும்போது, தேடுபொறி அந்த நொடியில் உலகமெங்கும் ஓடிப் பார்ப்பதில்லை. முன்பே பார்த்துப் பதிந்து வைத்த பெரிய அட்டவணையில்தான் தேடுகிறது. நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவைப் போன்றது இது. இந்த அட்டவணையை நிரப்புவதற்காகக் 'கிராலர்' எனப்படும் நிரல் ஒன்று இடைவிடாமல் வேலை செய்கிறது. அது ஒரு பக்கத்தைப் படிக்கும்; அதிலுள்ள இணைப்புகளைக் குறித்துக் கொள்ளும்; பிறகு அவற்றின் வழியே அடுத்த பக்கங்களுக்குச் செல்லும்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். நம் நண்பரின் கடையில் பொருள்கள் பக்கத்துக்கு 24 வீதம் காட்டப்பட்டன. 2,400 பொருள்களுக்கு 100 பட்டியல் பக்கங்கள். ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் 'அடுத்த பக்கம்' என்ற ஓர் இணைப்பு மட்டுமே இருந்தது. முகப்பிலிருந்து முதல் பட்டியலுக்கு 1 படி. நூறாவது பட்டியலுக்கு மேலும் 99 படிகள். அங்கிருந்து பொருளுக்கு 1 படி. ஆக, கடைசிப் பொருளை அடைய 101 படிகள்! கிராலர் ஒரு தளத்துக்கு ஒதுக்கும் நேரத்துக்கு எல்லை உண்டு. அவ்வளவு ஆழம் வரை அது இறங்கி வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதே பொருள்களை 20 வகைகளாகப் பிரித்து, வகைக்கு 120 பொருள்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொரு வகைக்கும் 5 பட்டியல் பக்கங்களே. இப்போது கடைசிப் பொருளுக்கு 6 படிகள் போதும். ஆகவே கடையின் இணைப்புகளை ஒழுங்கு செய்வதே முதல் வேலை என்பதை மறவாதீர்கள். எனினும், எந்த இணைப்பும் சென்று சேராத பக்கங்கள் பெரிய கடையில் சில இருந்தே தீரும். அவற்றுக்கு வேறு வழி வேண்டும்.

தளவரைபடம் என்பது யாது?

கடையிலுள்ள பக்கங்களின் முகவரிகளை எல்லாம் ஒரே கோப்பில் எழுதித் தேடுபொறியிடம் கொடுத்துவிட்டால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்ததே சைட்மேப். நாம் இதனைத் தளவரைபடம் என்போம். பெயர் வரைபடமாயினும் இதில் படம் ஏதுமில்லை. இது ஒரு பட்டியலே. 2005 ஜூன் மாதம் கூகுள் நிறுவனம் இம்முறையை அறிமுகம் செய்தது. 2006 நவம்பரில் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் இதே வடிவத்தை ஏற்றுக் கொண்டன. ஆகவே, ஒருமுறை எழுதிய பட்டியல் பல தேடுபொறிகளுக்கும் பயன்படுகிறது.

இக்கோப்பு எக்ஸ்எம்எல் என்னும் வடிவில் எழுதப்படுகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு செய்திகள் தரலாம். அவை: பக்கத்தின் முழு முகவரி, அது கடைசியாக மாற்றப்பட்ட நாள், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாறும் என்பது, 0 முதல் 1 வரையிலான முதன்மை எண். இவற்றுள் முகவரி மட்டுமே கட்டாயம். கடைசி இரண்டையும் கூகுள் பொருட்படுத்துவதில்லை. நாளை ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் 2025-03-09 என்பது போல் எழுத வேண்டும்.

முகவரியில் தமிழ் எழுத்துகள் வந்தால் என்ன ஆகும்? 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. கணிப்பொறிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள். ஆக 15 பைட்டுகள். கோப்பில் எழுதும் முகவரியில் ஒவ்வொரு பைட்டும் '%' குறியும் இரண்டு இலக்கங்களுமாக மாறும். எனவே மூன்றெழுத்துச் சொல் 45 குறிகளாக நீண்டு விடுகிறது! இதில் பிழை ஏதுமில்லை. கண்டு திகைக்க வேண்டாம்.

எவற்றைச் சேர்ப்பது? எவற்றை விடுவது?

பொருள் பக்கங்கள், வகைப் பக்கங்கள், கடையைப் பற்றிய பக்கம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். வாங்குவோரின் கூடை, பணம் செலுத்தும் பக்கம், உள்நுழையும் பக்கம் ஆகியவற்றைச் சேர்க்கக் கூடாது. அவற்றைத் தேடி யாரும் வரப் போவதில்லை.

மற்றொரு சிக்கலும் உண்டு. ஒரே பட்டியலை 4 விதமாக வரிசைப்படுத்தலாம். 5 விலைப் பிரிவுகளாகப் பிரிக்கலாம். பக்கத்துக்கு எத்தனை பொருள் என்பதை 3 விதமாக மாற்றலாம். 4 × 5 × 3 = 60. ஒரே பட்டியலுக்கு 60 முகவரிகள்! 20 வகைகளுக்கு 1,200. இவையனைத்தையும் கொடுத்தால் கிராலரின் நேரம் வீணாகும். ஒவ்வொன்றுக்கும் மூல முகவரி ஒன்றை மட்டுமே தர வேண்டும்.

கொடுக்கும் முகவரியைத் திறந்தால் வழங்கி 200 என்ற எண்ணை விடையாகத் தர வேண்டும். 'பக்கம் கிடைத்தது' என்பது இதன் பொருள். 404 என்றால் பக்கம் இல்லை. 301 என்றால் நிலையாக வேறிடம் சென்றுவிட்டது. இவ்விரு வகை முகவரிகளையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

கோப்பின் அளவுக்கும் வரம்பு உண்டு. ஒரு கோப்பில் 50,000 முகவரிகளுக்கு மேல் கூடாது. சுருக்காத நிலையில் 50 மெகாபைட்டுக்கு, அதாவது 5,24,28,800 பைட்டுகளுக்கு மேல் கூடாது. வகுத்துப் பாருங்கள்: முகவரிக்குச் சராசரியாக 1,048 பைட்டுகள் கிடைக்கின்றன. அதற்கும் மேற்பட்ட கடைக்குப் பல கோப்புகள் எழுதி, அவற்றையெல்லாம் குறிக்கும் அட்டவணைக் கோப்பு ஒன்றும் எழுத வேண்டும்.

2,400 முகவரிகளைக் கையால் எழுத வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். ஷாப்பிஃபை போன்ற கடை மென்பொருள்கள் இக்கோப்பைத் தாமே ஆக்கித் தருகின்றன. வேர்ட்பிரஸ் மென்பொருளிலும் 2020 முதல் இவ்வசதி உள்ளது. ஆயினும் அவை ஆக்கித் தருவதைச் சரிபார்க்கும் பொறுப்பு நம்முடையதே.

சமர்ப்பிக்கும் முறை

கோப்பைத் தளத்தின் மேல்மட்ட அடைவில் வைக்க வேண்டும். பிறகு உலாவியில் அதன் முகவரியைக் கொடுத்துத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, கூகுளின் சர்ச் கன்சோல் என்னும் இலவசப் பணியகத்தில் கடை நம்முடையது என்று மெய்ப்பிக்க வேண்டும். அங்கே சைட்மேப்ஸ் என்ற பகுதியில் கோப்பின் முகவரியை எழுதிச் சமர்ப்பித்தால் போதும். கோப்பைப் படிக்க முடிந்ததா, எத்தனை முகவரிகள் கிடைத்தன என்ற விவரங்கள் அங்கேயே காணப்படும். பிங் தேடுபொறிக்கும் இதுபோன்ற பணியகம் உண்டு.

இன்னொரு வழி, கிராலர்களுக்கான விதிகளை எழுதிவைக்கும் ரோபோட்ஸ் என்ற உரைக்கோப்பில் தளவரைபடத்தின் முகவரியை ஒரு வரியாகச் சேர்ப்பது. அவ்விதிகளில் தடுத்த பக்கத்தையே வரைபடத்தில் அழைத்துவிடாதீர்கள், இரண்டும் முரணாகும். பழைய நூல்களில் 'பிங்' அனுப்பி அறிவிக்கும் முறையும் காணப்படலாம். அதனைக் கூகுள் 2023-ஆம் ஆண்டில் கைவிட்டுவிட்டது.

தேதி சொல்லும் உண்மை

நம் நண்பர் இவையனைத்தையும் செய்து முடித்தார். ஒரு தவறும் செய்தார். எல்லாப் பக்கங்களும் இன்றே மாறியவை என்று காட்டினால் கிராலர் விரைந்து வரும் என்றெண்ணி, 2,400 பக்கங்களுக்கும் நாள்தோறும் அன்றைய தேதி விழுமாறு அமைத்துவிட்டார்.

"ஆய்வுக்கூடத்தில் எப்போது பார்த்தாலும் ஒரே அளவைக் காட்டும் வெப்பமானியை என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "ஒதுக்கி வைப்பேன், சார்" என்றார். தேடுபொறியும் அதையேதான் செய்கிறது. தேதிகள் உண்மையானவை என்று தொடர்ந்து தெரிந்தால் மட்டுமே கூகுள் அவற்றைப் பயன்படுத்துகிறது. விலை, விளக்கம், படம் ஆகியன மாறினால் தேதியை மாற்றலாம். அடியிலுள்ள ஆண்டு எண் மாறியதற்காக மாற்றக் கூடாது. நண்பர் அமைப்பைத் திருத்தினார். பட்டியல்களையும் வகை வகையாகப் பிரித்தார். சில வாரங்களில் குழியாடியின் பக்கம் தேடலில் வரத் தொடங்கியது.

இது எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று உறுதி கூற இயலாது. தளவரைபடம் ஒரு வேண்டுகோளே, கட்டளை அன்று. பட்டியலில் உள்ள பக்கங்கள் அனைத்தையும் அட்டவணையில் சேர்க்கத் தேடுபொறி கடமைப்பட்டிருக்கவில்லை. நம் கையில் இருப்பது ஒன்றே: உள்ளதை உள்ளவாறு சொல்லும் பட்டியலைக் கொடுப்பது. அளவீட்டு ஏட்டில் நீங்கள் எழுதும் எண்ணுக்கும் இதே விதிதான்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. ஒரு கடையில் 1,30,000 பக்கங்கள் உள்ளன. அட்டவணைக் கோப்பு நீங்கலாகக் குறைந்தது எத்தனை கோப்புகள் வேண்டும்?

2. 'ஊசல்' என்ற சொல் முகவரியில் எத்தனை குறிகளாக மாறும்?

விடைகள்: 1) 3. 2) 36.