நாற்பது கம்ப்யூட்டர்களுக்கு ஒரே இமேஜ்: பகுதி பகுதியாகத் தயாரிப்பது எப்படி?

ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் போட்டு, டிரைவர்களை இன்ஸ்டால் செய்து, ஆபீஸ், பிரவுசர், தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் ஏற்றி முடிக்க எனக்கு அரை நாள் ஆகும். நாற்பது கம்ப்யூட்டர்கள் என்றால்? இதற்குத்தான் இமேஜ் முறை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டரைத் தயார் செய்து, அதன் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதை ஒரே ஃபைலாக எடுத்து மற்றவற்றில் இறக்கிவிடலாம். கோஸ்ட் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தியவர்களுக்கு இது புதிதல்ல.

விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. அதற்கு முந்தைய மாதம், ஒரு கல்லூரி லேபில் 40 கம்ப்யூட்டர்களை விண்டோஸ் 11க்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. திங்கட்கிழமை மாணவர்களுக்குப் பிராக்டிகல் பரீட்சை. சனிக்கிழமை ஒரு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றி, குண்டாக ஒரு இமேஜ் எடுத்தேன். இரவுக்குள் நாற்பதிலும் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை லேப் உதவியாளர் போன் செய்தார். "சார், இந்தப் பக்கம் இருபத்து நாலு சிஸ்டத்துலயும் பிரவுசரைத் திறந்தா உங்க மெயில் வருது. அந்தப் பக்கம் பதினாறுல நெட்டே வரலை."

டிரைவர் டவுன்லோடு செய்ய என் மெயிலில் நுழைந்தவன், வெளியே வராமலே இமேஜ் எடுத்திருக்கிறேன்! அந்தப் பதினாறும் வேறு மாடல். நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் இல்லை. போதாக்குறைக்கு நாற்பதுக்கும் ஒரே கம்ப்யூட்டர் பெயர். முதலில் மொபைலிலேயே பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறினேன். பிறகு லேபுக்கு ஓடினேன்.

வீட்டில் மாவு ஒன்றுதான் அரைக்கிறார்கள். இட்லியா, தோசையா, ஊத்தாப்பமா என்பது அப்புறம். இமேஜையும் அப்படித்தான் செய்ய வேண்டும். அடிப்படை விண்டோஸ் தனி, டிரைவர்கள் தனி, சாஃப்ட்வேர்கள் தனி.

அடிப்படை இமேஜை விர்ச்சுவல் மெஷினில் தயாரியுங்கள். எந்த மாடலின் டிரைவரும் அதில் ஒட்டாது. விண்டோஸ் இன்ஸ்டால் ஆகி, நாடு எது என்று கேட்கும் திரை வந்ததும் கன்ட்ரோல், ஷிப்ட், எஃப்3 கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். யூசர் கணக்கு உருவாக்காமலே ஆடிட் மோடுக்குள் போய்விடலாம். அப்டேட்களை மட்டும் முடித்துக்கொள்ளுங்கள். ஸ்டோர் ஆப்களைத் தொடாதீர்கள். ஒரு யூசருக்கு மட்டும் இன்ஸ்டால் ஆன ஸ்டோர் ஆப் இருந்தால் அடுத்த படியில் எர்ரர் வரும்.

அந்த அடுத்த படிதான் நான் சனிக்கிழமை சோம்பலில் விட்டது: சிஸ்பிரெப். சிஸ்டம்32 போல்டருக்குள் இருக்கிறது. அதில் ஜெனரலைஸ் என்பதை டிக் செய்து, ஷட்டவுன் கொடுங்கள். கம்ப்யூட்டரின் பெயர், பாதுகாப்பு அடையாள எண் போன்ற அந்த மெஷினுக்கே உரியவை நீங்கிவிடும். ஆனால் யூசர் போல்டரில் நீங்கள் விட்டுவைத்த பாஸ்வேர்டுகளை அது துடைக்காது. அது நம் பொறுப்பு.

இனி விண்டோஸ் பிஇ உள்ள பென் டிரைவில் பூட் செய்து, டிஸ்ம் கட்டளையின் கேப்ச்சர்-இமேஜ் மூலம் விம் ஃபைலாக எடுக்க வேண்டும். இங்கே சி டிரைவ், டி என்று தெரியலாம். டைரக்டரியைப் பார்த்துவிட்டு எழுத்தைக் கொடுங்கள்.

விம் ஃபைலின் வசதியே, அதைப் போல்டர் போலத் திறந்து திருத்தலாம் என்பதுதான். டிரைவர் சரியாக உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் டிஸ்மின் எக்ஸ்போர்ட்-டிரைவர் கொடுத்தால், விண்டோஸுடன் வராமல் தனியாக இன்ஸ்டால் ஆன டிரைவர்கள் எல்லாம் ஒரு போல்டருக்கு வந்துவிடும். அந்தப் பதினாறின் மாடலிலேயே இன்னொன்று, நல்ல வேளையாக, நிலைப்பெட்டிக்குள் பழைய டிஸ்க்குடன் இருந்தது. மவுன்ட்-இமேஜ் கொடுத்து, ஆட்-டிரைவருடன் ரிகர்ஸ் சேர்த்து, கடைசியில் கமிட் உடன் அன்மவுன்ட் செய்தேன். கமிட்டுக்குப் பதில் டிஸ்கார்ட் கொடுத்துவிட்டால் செய்த வேலை அத்தனையும் போய்விடும்.

இறக்கும்போது டிஸ்க்பார்ட் மூலம் பார்ட்டிஷன் பிரித்து, அப்ளை-இமேஜ் கொடுத்து, பிசிடிபூட் கட்டளையால் பூட் ஃபைல்களை எழுத வேண்டும். பென் டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் அதில் ஏறாது. ஸ்ப்ளிட்-இமேஜ் கொடுத்து விம்மைத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர்களை இமேஜில் சேர்க்காமல் ஆபீஸுக்கு ஒரு போல்டர், லேபுக்கு ஒரு போல்டர் என்று வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பேட்ச் ஃபைல். எம்எஸ்ஐ ஃபைல்களுக்கு க்யூஎன் சுவிட்ச் கொடுத்தால் கேள்வி கேட்காமல் இன்ஸ்டால் ஆகும்.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கம்ப்யூட்டருடன் வரும் ஓஇஎம் லைசென்ஸை மட்டும் வைத்து இப்படி இமேஜ் இறக்க அனுமதி இல்லை. வால்யூம் லைசென்ஸ் வேண்டும். அந்தக் கல்லூரியிடம் இருந்தது.

நாற்பதாவது கம்ப்யூட்டர் ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு நெட்டுடன் எழுந்தது. டிசம்பரில் பைதான் புதிய பதிப்பு கேட்டார்கள். லேப் போல்டரில் ஒரு ஃபைலை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.