முடக்கப்பட்ட கணக்கும் முறையீட்டு மனுவும்

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை நாம் அனைவரும் அறிந்ததே. பொற்கொல்லன் ஒருவன் சொன்னதை நம்பி, எதிர்த்தரப்பை விசாரிக்காமலே பாண்டிய மன்னன் கோவலனுக்குக் கொலைத் தண்டனை அளித்தான். கண்ணகி அரசவைக்கு வந்து வெறுமனே அழுதுவிட்டுத் திரும்பவில்லை. தன் ஊர் எது, தன் கணவன் யார், நேர்ந்த தவறு என்ன என்று முறையாக எடுத்துரைத்தாள். பிறகு சான்றும் காட்டினாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். வழக்கில் அவள் வென்றாள். ஆனால் போன உயிர் திரும்பவில்லை.

தண்டனை முன்னும் விசாரணை பின்னுமாக நடக்கும் இந்த வழக்கம் இன்று சமூக ஊடகங்களில் அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. ஒருவர் இட்ட பதிவு நீக்கப்படுகிறது. அல்லது அவருடைய கணக்கே முடக்கப்படுகிறது. காரணம் ஒரே வரியில் வருகிறது. இதில் உயிர் போவதில்லை என்றாலும் சிலருக்குப் பிழைப்பு போகிறது. சிலருக்கு நற்பெயர் போகிறது. அவ்வாறு நேர்ந்தால் முறையிடுவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சித்தியின் கணக்கு

இதை நான் எழுதக் காரணமாக இருந்தவர் என் சித்தி. அவர் புதுநன்மை வாங்கும் சிறுமியருக்கு வெள்ளைக் கவுன் தைத்துக் கொடுப்பவர். தைத்தவற்றைப் படமெடுத்துத் தம் கணக்கில் இடுவார். அதைப் பார்த்துத் தாய்மார்கள் அளவு அனுப்புவார்கள். சென்ற கோடையில் புதுநன்மைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தக் கணக்கு திடீரென முடக்கப்பட்டது. பதினான்கு பிள்ளைகளின் அளவுகளும் முகவரிகளும் அதனுள்தான் இருந்தன. வேண்டாத விளம்பரத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பியதாக அறிவிப்பு கூறியது.

சித்தி அழுதார், பிறகு கோபம் கொண்டார். “ஏழையின் வயிற்றில் அடிக்கிறீர்களே, நீங்கள் நன்றாக இருப்பீர்களா?” என்று முறையீட்டுக் கட்டத்தில் எழுதி அனுப்பினார். சில நிமிடங்களில், முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்துவிட்டது. அப்போது அவர் என்னைப் பார்த்து, “பத்தாம் வகுப்பு படிக்கிறாயே, ஒரு மனு எழுதத் தெரியாதா உனக்கு?” என்று கேட்டார். தேர்வுக்காக எத்தனையோ அலுவலகக் கடிதங்கள் எழுதிப் பார்த்த எனக்கு அன்றுதான் உண்மையான மனு ஒன்றை எழுதும் வேலை வந்தது.

தவறு எப்படி நேருகிறது?

உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் இடும் பதிவுகளை மனிதர்கள் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க இயலாது. ஆகவே நிறுவனங்கள் முதற்கட்டச் சோதனையைக் கணிப்பொறியிடம் விட்டுவிடுகின்றன. கணிப்பொறி சொற்களையும் உருவங்களையும் எண்ணிக்கையையும் பார்க்கும், நோக்கத்தை அறியாது.

இதற்கு நல்ல சான்று 2020ஆம் ஆண்டில் கிடைத்தது. கொரோனாத் தொற்றினால் பணியாளர் அலுவலகத்துக்கு வர இயலாத நிலையில், யூடியூப் நிறுவனம் கணிப்பொறியின் முடிவையே பெரிதும் நம்பியது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்றே மாதங்களில் சுமார் 1 கோடியே 14 லட்சம் காட்சிப் பதிவுகள் நீக்கப்பட்டன. முறையிட்டவை ஏறத்தாழ 3,25,000. அவற்றுள் 1,60,000க்கு மேற்பட்டவை மீண்டும் சேர்க்கப்பட்டன. தோழியரே, இக்கணக்கைச் சற்றே கவனியுங்கள்! நூறு பதிவுகளில் மூன்றுக்குக்கூட முறையீடு வரவில்லை. ஆனால் வந்த முறையீடுகளில் ஏறக்குறைய பாதி வெற்றி பெற்றன. வாய் திறவாதவர்களுள் எத்தனை பேர் குற்றமற்றவர்களோ!

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் குரோவேஷிய நாட்டவர் ஒருவரின் சதுரங்க விளக்கப் பக்கமும் தீங்கானது என்று கூறி முடக்கப்பட்டது. ஒரு நாளுக்குள் திரும்பவும் திறக்கப்பட்டது. காரணத்தை நிறுவனம் விளக்கவில்லை. ‘கறுப்பு வெள்ளையைத் தாக்குகிறது’ என்பது போன்ற ஆட்டச் சொற்களைக் கணிப்பொறி இனப்பகைப் பேச்சாக எண்ணியிருக்கலாம் என்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் கருதினர்.

இரண்டு வழக்குகள்

இனி, உலகம் அறிந்த இரு நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

முதலாவது நார்வே நாட்டில் நடந்தது. வியட்நாம் போரின்போது 1972 ஜூன் 8ஆம் நாள் எடுக்கப்பட்ட ஒரு நிழற்படம் உலகின் மனச்சாட்சியை உலுக்கியது. தீக்குண்டால் வெந்து, எரிந்த ஆடையைக் களைந்துவிட்டு அலறியபடி ஓடிவரும் ஒன்பது வயதுச் சிறுமியின் படம் அது. 2016இல் நார்வே எழுத்தாளர் டோம் எகலாந்து அப்படத்தை முகநூலில் இட்டார். ஆடையற்ற குழந்தையின் படம் என்று அது நீக்கப்பட்டது. அவர் கணக்கும் தற்காலிகமாக முடக்கப்பட்டது. ‘ஆஃப்தன்போஸ்தன்’ நாளிதழின் ஆசிரியர், நிறுவனத் தலைவருக்குத் தம் இதழின் முதற்பக்கத்தில் வெளிப்படையான கடிதம் எழுதினார். நார்வேயின் பிரதமர் எர்னா சோல்பர்க் அம்மையார் அப்படத்தை இட்டபோது அவருடைய பதிவும் நீக்கப்பட்டது! இறுதியில் செப்டம்பர் 9ஆம் நாள் நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டு படத்தை அனுமதித்தது.

குழந்தைகளைக் காப்பதற்காக ஏற்பட்ட விதி நல்ல விதியே. ஆனால் ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமையை உலகுக்குச் சொன்ன படத்தையே அது மறைத்தது. மற்றொன்றும் நம் சிந்தனைக்குரியது. நாளிதழும் பிரதமரும் பேசியதால் அக்குரல் எட்டியது. பேர் தெரியாத ஒருவருக்கு இது நேர்ந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

அதற்கு விடையாக அமைந்தது இரண்டாவது வழக்கு. 2020 அக்டோபரில் பிரேசில் நாட்டவர் ஒருவர் மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளைப் பெண்கள் தெரிந்துகொள்வதற்காக இன்ஸ்டாகிராமில் படங்களுடன் ஒரு பதிவு இட்டார். கணிப்பொறி அதை நிர்வாணப் படமென்று நீக்கியது. நிறுவனத்தின் விதியோ இந்நோய் பற்றிய விழிப்புணர்வுப் படங்களை அனுமதித்திருந்தது! அவர் மேற்பார்வை வாரியத்திடம் முறையிட்டார். முகநூல் நிறுவனத்தின் முடிவுகளை வெளியிலிருந்து ஆராய்வதற்காக ஏற்பட்ட அமைப்பு அது. அதன் முதல் உறுப்பினர் 20 பேர் 2020 மே மாதம் அறிவிக்கப்பட்டனர். நம் நாட்டுச் சட்ட அறிஞர் சுதிர் கிருஷ்ணசுவாமியும் அவர்களுள் ஒருவர். வாரியம் வழக்கை எடுத்துக்கொண்டதுமே, தான் செய்தது பிழையென்று நிறுவனம் பதிவைத் திருப்பிவிட்டது. எனினும் வாரியம் விசாரணையைக் கைவிடவில்லை. 2021 ஜனவரி 28ஆம் நாள் தீர்ப்பளித்து, கணிப்பொறி எடுத்த முடிவென்றால் அதைப் பயனாளருக்குச் சொல்ல வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அன்று வெளியான ஐந்து தீர்ப்புகளில் நான்கு, நிறுவனத்தின் முடிவுக்கு எதிரானவை.

சட்டம் தரும் உரிமை

முறையிடுவது நிறுவனம் காட்டும் சலுகையன்று. பல நாடுகளில் அது சட்டம் தரும் உரிமை.

நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் வந்ததும் 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் பயனாளர் உள்ள பெரிய ஊடகம் தானாகவே ஒரு பதிவை நீக்கினால், காரணத்தைச் சொல்லி, மறுத்துரைக்க வாய்ப்பும் தர வேண்டும்.

அலுவலரின் முடிவில் நிறைவில்லையென்றால் அதற்கும் மேலே போகலாம். 2022 அக்டோபரில் செய்த திருத்தத்தின்படி, மத்திய அரசு 2023 ஜனவரியில் மூன்று குறைதீர் மேல்முறையீட்டுக் குழுக்களை அமைத்தது. அலுவலரின் பதில் கிடைத்த 30 நாள்களுக்குள் இக்குழுவிடம் இணையத்தின் வழியாகவே முறையிட விதி இடம் தந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ள எண்மச் சேவைகள் சட்டமோ, முறையீட்டின் மீதான முடிவைக் கணிப்பொறி மட்டுமே எடுக்கக் கூடாது என்கிறது. மனிதனின் வழக்கை மனிதனே கேட்க வேண்டும் என்பதன்றோ இதன் பொருள்?

மனு எழுதும் முறை

சித்திக்காக நான் மனு எழுதியபோது கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் வந்த அறிவிப்பைப் படமெடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். நாள், நேரம், மீறியதாகச் சொல்லப்படும் விதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. அந்த விதியை முழுவதும் படிக்க வேண்டும். எதற்காகத் தண்டனை என்று அறியாமல் எழுதும் மனு, வினாவைப் படிக்காமல் எழுதிய விடையைப் போன்றது.

3. கோபத்தில் எழுதலாகாது. சில ஊடகங்களில் முறையீட்டுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. என் சித்தி அதைக் கோபத்துக்குச் செலவிட்டுவிட்டார். அதனால்தான் நாங்கள் குறைதீர் அலுவலரிடம் போக வேண்டியதாயிற்று.

4. யார், என்ன நடந்தது, ஏன் அது தவறான முடிவு, என்ன வேண்டும் என்ற நான்கையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கண்ணகி செய்தது போல் சான்று காட்ட வேண்டும்.

5. உண்மையை மறைக்கக் கூடாது. ஒரே பிற்பகலில் நாற்பது பேருக்கு ஒரே விலைப் பட்டியலை அனுப்பியது உண்மை என்று ஒப்புக்கொண்டோம். ஆனால் அந்த நாற்பது பேரும் தாமாகவே விலை கேட்டவர்கள் என்று சொல்லி, அவர்கள் கேட்ட செய்திகளின் படங்கள் சித்தியின் கைப்பேசியில் எஞ்சியிருந்தவரை இணைத்தோம்.

6. பணம் கொடுத்தால் கணக்கை மீட்டுத் தருவோம் என்று வருபவர்களை அண்டவிடக் கூடாது. கடவுச்சொல்லையும் ஒருமுறைக் குறியீட்டு எண்ணையும் எவருக்கும் தரலாகாது. ஏமாற்றப்பட்டால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

எங்கள் ஆங்கில ஆசிரியை மனுவில் இருந்த பிழைகளைத் திருத்தித் தந்தார். ஒன்பதாம் நாள் கணக்கு திறந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு சொல்கூட வரவில்லை. அதற்குள் இரண்டு தாய்மார்கள் வேறிடத்தில் துணி கொடுத்துவிட்டார்கள். மற்ற பன்னிரண்டு கவுன்களையும் சித்தி இரவு பகலாகத் தைத்து முடித்தார்.

நம் பக்கம் பிழையானால்?

முடக்கப்பட்டவர் அனைவரும் குற்றமற்றவர் அல்லர். பிறரை இழிவாகப் பேசியவரும், தோழியின் படத்தை அவள் அனுமதியின்றி வெளியிட்டவரும், வயதைப் பொய்யாகக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் தொடங்கியவரும் முறையிடுமுன் ஆன்ம சோதனை செய்துகொள்வது நல்லது. பாவசங்கீர்த்தனத்துக்கு முன் நாம் செய்வதுதானே அது! பிழை நம்முடையதானால் மனு வேண்டியதில்லை, மன்னிப்பே வேண்டும்.

எனினும் குற்றம் செய்தவருக்கும் தண்டனை அளவோடு இருக்க வேண்டும். 2021 ஜனவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் அவர்களின் முகநூல் கணக்கு காலவரையின்றி முடக்கப்பட்டது. மே 5ஆம் நாள் மேற்பார்வை வாரியம், முடக்கியது சரியே, ஆனால் கால எல்லையின்றி முடக்கியது சரியன்று என்று கூறியது. அதன்பின் நிறுவனம் இரண்டு ஆண்டு என்று எல்லை வகுத்தது. ஒரு பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால், எப்போது உள்ளே வரலாம் என்றும் சொல்ல வேண்டுமல்லவா?

முடிவுரை

புனித பவுல் செசரியாவில் பெஸ்து ஆளுநரின் முன் நிறுத்தப்பட்டபோது, உரோமைக் குடிமகன் என்ற உரிமையைக் கொண்டு சீசரிடம் மேல்முறையீடு செய்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. அவர் ஆளுநரை ஏசவில்லை. அஞ்சி வாய்மூடி இருக்கவும் இல்லை. தமக்குரிய வழி எதுவென்று அறிந்திருந்தார், அவ்வழியே சென்றார். அடக்கம் என்பது அநீதியைக் கண்டு பேசாதிருப்பதன்று என்பதை அவரிடமிருந்து நாம் கற்கலாம்.

என் சித்தி இப்போது விலை கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுகிறார். அளவுகளை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் குறித்து வைக்கிறார். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதிய மனுவின் நகலை ஒட்டி வைத்திருக்கிறார். “இனி வேறு யாருக்காவது இப்படி நேர்ந்தால் உதவுமே!” என்கிறார். அதே எண்ணத்துடன்தான் நானும் இக்கட்டுரையை எழுதினேன்.